ஞாயிற்றுக்கிழமை பிரஷர்

அடுத்தவர் கையில் பட்டையைச் சுற்றிவிட்டு, ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள் என்று கெஞ்சுவதுதான் என் தொழில். கெஞ்சுவது சுலபம். பேசாமல் இருப்பதுதான் நம் ஜனங்களுக்கு வராது. மரக்காணத்துக்குப் பக்கத்தில், உப்பளங்களை ஒட்டிய எங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்து, நோட்டில் எழுதிக்கொண்டு வருகிற சுகாதாரத் தன்னார்வலர் நான். என் பெயரை ஊர் எப்போதோ மறந்துவிட்டது. "பிரஷரம்மா" என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள்.

இந்த வேலைக்கு வருமுன், பிரஷர் என்பது நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்களுக்கு வரும் சீக்கு என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது ஒரு வீட்டில் பெரியவர்கள் யாருக்குமே இல்லை என்று மெஷின் சொன்னால், முதலில் பேட்டரியைக் கழற்றிப் பார்க்கிறேன். இதைப் படிக்கிற உங்களில் பலபேர் வீட்டு அலமாரியில் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். இல்லாதவர்களில் பலபேர் இன்னும் பார்த்துக்கொள்ளாதவர்கள். ஆகவே நாமெல்லாம் ஒரே கட்சி என்ற உரிமையில் சொல்கிறேன். பல வீட்டுக் கூத்து இதில் வந்தாலும், எனக்கு இது ஒரே ஒருத்தியின் விஷயம். அஞ்சலை என்ற உப்பளத்துப் பெண்ணின் பிரஷரை இறக்காமல் விடுவதில்லை என்று ஒரு வருஷம் மல்லுக்கட்டினேன். அந்த மல்லுக்கட்டில் சேர்ந்தவைதான் இவை.

கோபம் யாருக்கு, பிரஷர் யாருக்கு

எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கும் ஏழுமலை அண்ணன் வாய் திறந்து நான் பார்த்தது குறைவு. அவர் பங்கையும் சேர்த்துப் பேசுகிறவர் அவர் மனைவி ராணி அக்கா. அவர் கடைக்குள்ளிருந்து கத்தினால், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் தங்களைத்தான் திட்டுகிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள். நான் மெஷினை எடுத்ததும் ஏழுமலை அண்ணன் சிரித்துக்கொண்டே கையை மறைத்தார். "எனக்குக் கோவமே வராதும்மா. பிரஷர் அங்க இருக்குது, போய்ப் பாரு" என்று அடுப்படியைக் காட்டினார்.

ராணி அக்காவுக்குப் பார்த்தேன். 118க்கு 76. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி இருந்தது. பிறகு விடாப்பிடியாக அண்ணன் கையில் சுற்றினேன். 176க்கு 104. சற்று உட்கார வைத்து இன்னும் இரண்டு தடவை பார்த்தேன், இறங்கவில்லை. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, மனிதர் பாட்டுக்கு டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார். இதுதான் இந்தச் சீக்கின் சாமர்த்தியம். எங்கேயும் வலிக்காதவரிடம் போய் உங்களுக்கு வியாதி என்று சொல்லி நம்ப வைப்பதில்தான் எங்கள் உயிர் போகிறது. அன்றைக்கு ராணி அக்காவே பேச்சில்லாமல் நின்றார். ஏழுமலை அண்ணன்தான் பேசினார்: "அவளோடதையும் சேத்து நான்தாம்மா வாங்கி வெச்சிருக்கேன்."

ஒரே கார்டு

ஆரோவில்லுக்குத் தோட்ட வேலைக்குப் போகிற ஒரு தம்பதி. இரண்டு பேருக்கும் பிரஷர். மனைவி சுகாதார நிலையத்துக்குப் போய் பதிந்து மாத்திரை வாங்கிக்கொண்டார். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, அப்புறம் மழை, அப்புறம் மச்சினன் வீட்டுக் காது குத்தல். நானும் மாதா மாதம் கேட்டுக் கேட்டு அலுத்தேன். ஒரு மாதம் பார்த்தால் இரண்டு பேருக்குமே கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. எனக்கு ஆச்சரியம். பதியாத மனுஷனுக்கு எப்படி இறங்கும்?

விசாரித்தேன். ஒற்றைப்படைத் தேதியில் அம்மா போட்டுக்கொள்வாராம், இரட்டைப்படைத் தேதியில் ஐயா. காலண்டரில் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தார்கள். சண்டை வராமல் இருக்க மாதக் கடைசி முப்பத்தொன்றாக இருந்தால் அன்றைக்கு இரண்டு பேரும் போடுவதில்லையாம். எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் கேட்டார்: "ரேஷன் கார்டு ஒண்ணுதான், கேஸ் கனெக்சன் ஒண்ணுதான், மாத்திரை மட்டும் எதுக்குங்க ரெண்டு?"

உப்பைக் குறைத்தல்

அஞ்சலை அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். உப்பளத்தில் பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, மேட்டில் அம்பாரமாகக் கொட்டுகிற வேலை. முதல் தடவை பார்த்தபோது 182க்கு 110. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். எனக்குக் கொடுத்திருந்த பயிற்சிப்படி நானும் அறிவுரைகளை வரிசையாகச் சொன்னேன். மூன்றாவது அறிவுரை, சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள் என்பது. சொல்லும்போதே எனக்கு நாக்கு கொஞ்சம் இடறியது. வாசலில் அவர் காயப்போட்டிருந்த வேலைச் சட்டை உப்புப் பூத்து விறைத்துக் கிடந்தது.

"காலைல எட்டு மணிக்கெல்லாம் ஒடம்புல இருக்கிற உப்பெல்லாம் வேர்வையா வெளிய போயிடுது. வெளிய போறதை உள்ள போட வேணாமா? அதுக்குத்தான் பழைய சோறு, கருவாடு, ஊறுகா" என்றார். அளத்துக்காரர்கள் எல்லோரும் நம்புகிற கணக்கு இது. உப்பிலேயே நிற்கிறவனை உப்பு ஒன்றும் செய்யாது என்று ஆண்களும் சொல்வார்கள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மறுநாளே திரும்பப் போனேன். வேர்வைக்குத் தண்ணீர்தான் வேண்டும், கருவாடும் ஊறுகாயும் தேவைக்கு மேலே ஏற்றிவிடும், ஊறுகாயை மட்டுமாவது விடுங்கள் என்று பேரம் பேசினேன். அஞ்சலை அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உப்பளத்துக்கு வந்து உப்பைக் குறைன்ற. நாளைக்குக் கடலாண்ட போயி ஈரத்தைக் குறைன்னு சொல்லுவ போலக்குது."

குப்பு அக்கா

அஞ்சலை அக்காவை நான் விடாமல் துரத்தியதற்குக் காரணம் அவர் வீட்டுக்குள்ளேயே படுத்திருந்தது. அவருடைய அக்கா குப்பு. நாலு வயது மூத்தவர், அதே அளத்தில் அதே கூடையைச் சுமந்தவர். ஒரு நாளும் பிரஷர் பார்த்துக்கொண்டதில்லை. ஒரு பங்குனி மாதம் சோறு வடிக்கும்போது கையிலிருந்து பானை நழுவியது, அப்படியே சாய்ந்தார். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயிற்று. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அஞ்சலை அக்காவின் கணவர் கட்டட வேலைக்கு வெளியூர் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். ஆகவே விடியுமுன் எழுந்து அக்காவைத் துடைத்து, சோறு ஊட்டி, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் அஞ்சலை அக்கா வேலைக்குப் போவார். மத்தியானம் வந்து மறுபடி தூக்குவார், துடைப்பார், ஊட்டுவார்.

ஒரு நாள் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். உங்களுக்கும் இதே மாதிரி ஆகட்டும் என்று பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. அக்காவின் வாயைத் துடைத்துவிட்டு, மாத்திரை அட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "எங்க அக்காவைத் தூக்க நான் இருக்கேன். என்னைத் தூக்க ஆளில்ல. எனக்குத் தெரியாதாம்மா?"

பாராட்டு

மாத்திரையை வாங்கிக்கொண்டார்களே தவிர, மறுபடி பிரஷர் பார்க்க அளத்துப் பெண்களைப் பிடிக்க முடியவில்லை. விடியற்காலையில் போகிறார்கள், மத்தியானம் வந்து அடுப்பு மூட்டுகிறார்கள், நான் போகும்போது பூட்டு தொங்குகிறது. வீட்டு மீட்டர் பார்க்கிறவர், சிலிண்டர் போடுகிறவர், கணக்கெடுக்கிற டீச்சர், உங்களுக்கெல்லாம் இந்தப் பூட்டின் அருமை தெரியும். கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் பக்கத்து அளத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. என் லீவை விட்டுக்கொடுத்து, மாதத்தில் முதல் ஞாயிறு அவர்கள் தெருவுக்கு என்று வைத்துக்கொண்டேன்.

முதல் சில மாதம் அஞ்சலை அக்காவுக்கு நூற்றறுபதுக்குக் கீழே வரவில்லை. டாக்டர் இரண்டாவதாக ஒரு மாத்திரை சேர்த்தார். சேர்த்த பிறகு பாருங்கள், மாதத்துக்கு மாதம் நம்பர் இறங்கியது. 148, 144, 140. அவருக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவில் இரண்டு மாத்திரை வாங்குகிற எல்லாப் பெண்களுக்கும். ஞாயிற்றுக்கிழமை யோசனை என்னுடையது என்பதில் எனக்குத் தாங்க முடியாத பெருமை. வீட்டில் இரண்டு தடவை சொல்லி, மூன்றாம் தடவை சொல்லும்போது என் வீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். சுகாதார நிலைய நர்ஸ் சிஸ்டர் என் நோட்டை மாதக் கூட்டத்தில் உயர்த்திக் காட்டிக் கேட்டார்: "எல்லா ஏரியாவும் இழுத்துக்கிட்டு நிக்கிது, உங்க அளத்துத் தெரு மட்டும் எப்படிங்க இவ்ளோ நல்லா இருக்குது?"

திங்கட்கிழமை

அடுத்த பங்குனியில், முதல் ஞாயிறு அஞ்சலை அக்கா அனுமந்தையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். என் நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. மறுநாள் காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அளத்துக்கே போனேன். வரப்பு வரைக்கும்தான் வண்டி போகும். அதற்கப்புறம் பாத்தி, பாத்தி, கண் கூசுகிற வெள்ளை. ஒரு செடி மறைவு கிடையாது. ஒன்பது மணிக்குச் சாப்பாட்டுக்காக வரப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அஞ்சலை அக்காவைப் பத்து நிமிடம் சும்மா உட்கார வைத்துவிட்டுப் பட்டையைச் சுற்றினேன். 194க்கு 112. மறுபடி பார்த்தேன், அதேதான். பக்கத்திலிருந்த மூன்று பெண்களுக்கும் பார்த்தேன். ஒருத்தருக்கும் நூற்றெழுபதுக்குக் குறையவில்லை. சந்தேகம் வந்து என் கையிலேயே சுற்றிக்கொண்டேன். 158க்கு 98. எனக்கு உயிர் வந்தது. "மெஷின் கெட்டுப் போச்சுக்கா" என்று சந்தோஷமாக அறிவித்தேன்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "மெஷினைத் திட்டாத, அது சரியாத்தான் சொல்லுது" என்றார் அஞ்சலை அக்கா. பிறகு மெதுவாக விஷயம் வெளியே வந்தது. இரண்டாவதாகச் சேர்த்தது நீர் மாத்திரை. போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கிறது. சுற்றிலும் ஆண்கள் வேலை செய்கிற இந்த வெட்டவெளியில் எங்கே ஒதுங்குவது? இரண்டு மாத்திரையும் ஒரே மாதிரி வெள்ளையாக, உதிரியாக ஒரே கவரில் வருவதால் எது நீர் மாத்திரை என்றும் தெரியவில்லை. அதனால் வேலை நாளில் இரண்டையுமே நிறுத்திவிட்டார்கள். அது மட்டுமா, ஒதுங்க வேண்டாமே என்று மத்தியானம் வரை தண்ணீரும் குடிப்பதில்லை. சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் ஒரு வேளை, ஞாயிறு காலையில் ஒரு வேளை. என் பெருமையெல்லாம் அந்த இரண்டு வேளை மாத்திரையும் ஒரு நாள் ஓய்வும் போட்ட பிச்சை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அஞ்சலை அக்கா சொன்னார்: "லீவு நாள்ல வெயில்ல வர்ற. ஒம் மனசு நோவக் கூடாதேன்னுதான் போட்டுக்கினோம்."

மெஷினுக்கு வைத்தியம்

மனம் கேட்கவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு நேராக சுகாதார நிலையம் போனேன். அங்கே பாதரசம் ஏறி இறங்கும் பழைய கருவி ஒன்று உண்டு. அது பொய் சொல்லாது என்பது எங்கள் எல்லோருக்கும் நம்பிக்கை. சிஸ்டர் என்னை உட்கார வைத்து, பேசாமல் இருக்கச் சொன்னார். என்னால் முடியவில்லை. அளத்தில் நடந்ததைக் கொட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டு தடவை அதட்டிய பிறகுதான் வாயை மூடினேன். ஊருக்கெல்லாம் நான் படுத்துகிற பாடு அன்றைக்குப் புரிந்தது.

இத்தனை வருஷம் எத்தனை பேர் கையில் சுற்றியிருப்பேன். என் கையில் ஒரு தடவை சுற்றத் தோன்றவில்லை. சிஸ்டர் காதிலிருந்து குழாயைக் கழற்றினார், வேறு நாள் இரண்டு தடவை பார்ப்போம் என்றார், பார்த்தோம், மூன்று நாளும் ஒரே கதைதான். மூன்றாம் நாள் அவர் மேஜை டிராயரைத் திறந்துகொண்டே சொன்னார்: "மெஷினுக்கு ஒண்ணும் இல்லைங்க, உங்க பேருக்கு ஒரு நோட்டு போட்டுடலாமா?"

கூடை

டாக்டரிடம் வாருங்கள், மாத்திரையை மாற்றித் தரச் சொல்வோம் என்று அஞ்சலை அக்காவை நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் கூலி போகும், அக்காவை யார் பார்ப்பது, அடுத்த வாரம் பார்க்கலாம். இப்படியே பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் காலையில் அளத்திலிருந்து போன். அஞ்சலை அக்காவின் கையிலிருந்து கூடை விழுந்துவிட்டது. குனிந்து எடுக்கப் போனார், விரல் பிடிக்கவில்லை. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் விரல்கள் திரும்ப அசைய ஆரம்பித்திருந்தன. "சரியாப் பூட்ச்சி, வேலையைப் பாக்கலாம்" என்று எழுந்தவரை நானும் மற்றப் பெண்களும் சேர்ந்து வண்டியில் ஏற்றினோம். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து மூன்று நாள் வைத்துக்கொண்டார்கள். இது எச்சரிக்கை மட்டும்தான், அடுத்தது எச்சரிக்கையாக இருக்காது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த மூன்று நாளும் குப்பு அக்காவைத் தூக்கியது நான். ஒல்லியான மனுஷிதான், ஆனால் ஒரு பக்கம் முழுக்க உயிரில்லாத உடம்பு என்ன கனம் கனக்கும் என்று தூக்கினால்தான் தெரியும். அவர் இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. 140, 140 என்று அழகாக எழுதி வைத்தேனே. நாலாம் நாள் அஞ்சலை அக்கா திரும்பி வந்து, வலது கையை மூடித் திறந்து என்னிடம் காட்டினார். "எங்க அக்காவுக்கும் இந்தக் கையிலதான் ஆரம்பிச்சுது."

டாக்டர் கேட்காத கேள்வி

மறுநாள் கையோடு சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் வயதில் சின்னவர், பொறுமைசாலி. ஏன் மாத்திரை போடவில்லை என்று தன்மையாகத்தான் கேட்டார். அஞ்சலை அக்கா மறந்துவிட்டேன் என்றார், வேலை அதிகம் என்றார், ஒத்துக்கொள்ளவில்லை என்றார், தரையைப் பார்த்தார். ஒரு ஆம்பிளைப் பிள்ளையிடம் போய் அந்த விஷயத்தை எப்படிச் சொல்வது என்று அவர் நெளிவது எனக்குத் தெரிந்தது. மரியாதை பார்த்தால் காரியம் கெடும். நானே பச்சையாகச் சொல்லிவிட்டேன். அளத்தில் பெண்கள் ஒதுங்க இடமில்லை சார், நீர் மாத்திரை போட்டால் தவிக்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள், தண்ணீரையும் சேர்த்து.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அப்புறம் மறுபடி திறந்து, நீர் மாத்திரையை எடுத்துவிட்டு வேறொன்று எழுதினார். வேலைக்குப் போகிற நேரத்தில் வேண்டாம், சாயந்திரம் சாப்பிட்ட பிறகு போடுங்கள் என்றார். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருக்கவே கூடாது, அது தனி ஆபத்து என்று இரண்டு தடவை சொன்னார். அந்தத் தெருப் பெண்கள் எல்லோரையும் அனுப்பச் சொன்னார். நாங்கள் எழுந்தபோது, பெருந்தன்மையாக ஒன்று சொன்னார்: "தூங்குறீங்களா, சாப்பிடுறீங்களான்னு எல்லாம் கேட்டேன், வேலை செய்யுற எடம் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்கலையே நான்."

கேட்காதவர்கள்

மாத்திரை மாறியது. தண்ணீர் மாறவில்லை. மாத்திரைக்காக இனி ஒதுங்க வேண்டாம், சரி, தண்ணீர் குடித்தால் ஒதுங்கித்தானே ஆக வேண்டும். ஆகவே அளத்து மேஸ்திரியிடம் போனேன். தனபால் என்று பெயர், கெட்டவர் இல்லை. பெண்களுக்கு ஒரு மறைப்பு வேண்டும் என்றேன். இது வெட்டவெளி, காற்றுக்கு எதுவும் நிற்காது, சீசன் முடிந்ததும் பார்க்கலாம் என்றார். ஆண்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "அம்பாரத்துக்குப் பின்னால போயிட்டு வந்துடுவோம்" என்றார் சாதாரணமாக.

நான் அவரை நாலு நாளில் மூன்று தடவை பார்த்தேன். டீக்கடையில், கோயில் வாசலில், மோட்டார் கொட்டகையில். மூன்றாம் தடவை என்னைக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டார், போன் அடிக்கவே இல்லை. நான் அங்கேயே நின்றேன். பேசி முடிக்கிற மாதிரி பாவனை செய்து அவருக்கே அலுத்துப்போய், கடைசியில் நிஜமாகவே புரியாதவர் போலக் கேட்டார்: "ஏம்மா, இத்தினி வருஷமா அவங்க யாருமே கேக்கலையே, ஒனக்கு இன்னா வந்துச்சு?"

நாலு கீற்று

இதை அப்படியே போய் அஞ்சலை அக்காவிடம் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டு நேரம் முடிந்தும் ஒரு பெண்ணும் வரப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. சண்டை இல்லை, கோஷம் இல்லை. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். மேஸ்திரி கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், முதலாளிக்குப் போன் போட்டார். நான் வரப்பு ஓரத்தில் ஸ்கூட்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். என்னால் இவர்கள் வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரே பயம்.

முதலாளி வந்தார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அத்தனை ஆண்கள் முன்னால் யார் வாய் திறப்பது? அஞ்சலை அக்கா எழுந்தார். மழைக்கு முன்னால் உப்பு நனையாமல் இருக்க, அம்பாரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்வது எங்கள் பக்கத்து வழக்கம். போன வருஷத்துக் கீற்று மேட்டில் அடுக்கிக் கிடந்தது. அதைக் கைகாட்டி, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "உப்பு கெடாம இருக்க வருஷா வருஷம் கீத்து போடுறீங்க முதலாளி, அதுல நாலு கீத்து எடுத்து எங்களுக்கும் மறைப்பு கட்டிக் குடுங்க."

வாசலில்

மறைப்பு இரண்டு நாளில் வந்தது. சவுக்குக் கம்பு நட்டு, கீற்று வைத்துக் கட்டி, உள்ளே ஒரு தண்ணீர் டிரம். முதல் காற்றுக்கே சாய்ந்தது. பெண்கள் தாங்களே நிமிர்த்தி, இன்னும் ஆழமாக நட்டார்கள். வரப்பில் குடிதண்ணீர் கேன் ஒன்றும் வந்து உட்கார்ந்தது. ஆனால் எனக்கு இன்னும் நிம்மதி வரவில்லை. ஒரு தடவை ஏமாந்தவள் இல்லையா. புது மாத்திரை தொடங்கி ஆறு வாரம் ஆனதும், ஒரு புதன்கிழமை, யாருக்கும் சொல்லாமல், வேலை விட்டு வருகிற நேரத்தில் அஞ்சலை அக்கா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். போலீஸ்காரி மாதிரி இருக்கிறோமே என்று எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது.

அவர் வந்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போய் அக்காவைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து, என் எதிரே சுவரில் சாய்ந்துகொண்டு வலது கையை நீட்டினார். பத்து நிமிடம் இருவரும் பேசவில்லை. என் வாழ்க்கையில் நீளமான பத்து நிமிடம் அது. மெஷின் உறுமி, இறங்கி, நின்றது. 136க்கு 84. நான் நோட்டில் எழுதப் போனேன், எழுத்து கலங்கியது. அழுகிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அஞ்சலை அக்கா பட்டையைத் தானே கழற்றி மடித்து என் மடியில் வைத்தார். "இனிமே ஞாயித்துக்கெழம வராத. இன்னிக்கு வந்தியே, இதே மாதிரி சொல்லாம வா."

ஆக, இப்போது நாள் கிழமை பார்க்காமல் போய் நிற்கிறேன், நோட்டில் முன்னைவிட மோசமான, ஆனால் நிஜமான நம்பர்கள் விழுகின்றன, மாதக் கூட்டத்தில் என் பேரை யாரும் எடுப்பதில்லை, நானும் என் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அந்தக் கூட்டத்தில் வாய்மூடி உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன்.